ஆறடிக்கும் பட்டா இல்லை

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877இல் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்கிறார்கள். அதற்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு. போகிற வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து பழைய சாலையில் ஈப்போ பக்கம் வந்தால் சுங்கை சிப்புட். அந்த மரத்தின் வாரிசுகளை மூன்று தலைமுறையாக வெட்டிப் பால் எடுத்த ஜனங்கள் புதைந்து கிடக்கும் இடங்கள் இந்தச் சாலையின் இரு புறமும், உள்ளே தள்ளி, மண் பாதையின் முடிவில் இருக்கின்றன. செம்பனை வரிசைகளுக்கு நடுவே நிலம் கொஞ்சம் மேடு தட்டி, லாலாங் புல் மண்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாய் சிமெண்டுத் திண்டு தெரிந்தால் அதுதான் தோட்டத்து இடுகாடு. வேலியும் பலகையும் அங்கே தேடக் கூடாது.

என் தாத்தாவின் குழியும் அப்படி ஓரிடத்தில்தான். “ஓடையைத் தாண்டி, அரச மரத்துக்கு நேரே ஏழாவது” என்று அம்மா அடையாளம் சொல்வார். போய்ப் பார்த்தோம். அரச மரம் போய்விட்டது. ஓடையை நேராக்கி வாய்க்காலாக்கி விட்டார்கள். ஏழாவது என்றால், எங்கிருந்து எண்ணுவது?

தோட்டப்புறத்துச் சாவைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. தப்புச் சத்தம் கேட்டால் “எந்த லயம்?” என்பதுதான் முதல் கேள்வி. எழவு சொல்ல ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவார். ஆனால் மரம் யார் செத்தாலும் நிற்காது. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும் என்பதால் விடியுமுன்பே பெரட்டு, விடிந்தும் விடியாமலும் வெட்டு. பலர் அன்றைக்கும் மரத்துக்குப் போய், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, நேரே சாவு வீட்டுக்கு வருவார்கள். அதனால்தான் பல தோட்டங்களில் பிணம் எடுப்பது மதியத்துக்கு மேல். துக்கத்தின் நேரத்தையும் கம்பெனிக் கடிகாரம்தான் வைத்தது.

நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டுவது, கோடி போடுவது, வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது எல்லாம் ஊரில் செய்தபடியேதான். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். அந்த ஒப்பாரியில் தஞ்சாவூரும் சேலமும் ஆற்காடும் வரும். கூடவே கங்காணியும் கிராணியும் துரையும் வந்துவிடுவார்கள். லயத்து முச்சந்தி வரை பெண்கள், அதற்குப் பிறகு ஆண்கள் மட்டும். பாதி வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவார்கள். இடுகாட்டில் தலை தெற்கே இருக்கும்படி படுக்க வைத்து, மகன் மூன்று கைப்பிடி மண் போட்ட பிறகு மற்றவர்கள் போடுவார்கள். மூன்றாம் நாள் பால் தெளிப்பு. சில வீடுகளில் மண்மேட்டின் மேல் நவதானியம் தூவுவார்கள். இந்த நாட்டு மழைக்கு அது நாலே நாளில் முளைத்து நிற்கும். அடுத்த முறை வருகிறவர்களுக்கு அதுவே அடையாளம். பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் கருமக்கிரியை.

குழி யார் வெட்டினார்கள் என்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஊரில் இந்த வேலைக்கென்று ஒரு சாதியை ஒதுக்கி வைத்திருந்தோம். தோட்டத்தில் பல இடங்களில், பக்கத்து நிரையில் பால் வெட்டியவனே மண்வெட்டியை எடுத்தான். வேலை முடிந்ததும் கள்ளுக்கடையில் ஆளுக்கொரு மங்கு, அவ்வளவுதான் கூலி. இதை வைத்து, கடல் தாண்டியதும் சாதி செத்துவிட்டது என்று எழுதினால் அது பொய். சாதி பார்த்துக் குழியைத் தள்ளி வெட்டிய கதைகளும் தோட்டப்புறத்தில் உண்டு. ஆனாலும் ஒரு தோட்டத்துக்கு ஒரு இடுகாடு, அதற்கு ஒரு பாதை, அந்தப் பாதை எல்லாருக்கும் பொது. இது சின்ன விஷயமில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், வயல் வழியே போக விடமாட்டார்கள் என்பதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி வெளியாகி, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

“இந்து என்றால் எரிக்கத்தானே வேண்டும்?” என்று ஈப்போவில் படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். தமிழனுக்கு அப்படி ஒரே வழி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சுடுகிறவர்கள், அப்படியே போட்டுவிட்டு வருகிறவர்கள், குழி தோண்டி வைக்கிறவர்கள், பள்ளத்தில் அடைக்கிறவர்கள், தாழியில் கவிழ்க்கிறவர்கள் என்று ஐந்து வகையை மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதை ஒரே சுடுகாட்டில் காட்டுகிறது. ஆதிச்சநல்லூரில் ஜாகோர் 1876இலும், அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கியும் தோண்டி எடுத்தவை தாழிகள்தான். புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் போய், தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். புதைப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமல்ல. இன்றும் ஊரில் பல சாதியார் புதைக்கிறார்கள், வீரசைவர் புதைக்கிறார்கள், எரிக்கிற வீட்டிலும் குழந்தை இறந்தால் புதைக்கிறார்கள், துறவிக்குச் சமாதி. மெரினாவைப் பாருங்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த ஜெயலலிதா, எல்லாரும் மண்ணில்தான். கருணாநிதிக்கு அங்கே இடம் கேட்டு 2018 ஆகஸ்டில் நடுராத்திரியில் நீதிமன்றம் உட்கார்ந்தது. எங்கே புதைப்பது என்பது தமிழனுக்கு எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

கங்காணியோடு கப்பலேறி வந்தவர்களில் பெரும்பகுதி, புதைக்கிற வழக்கமுள்ள, நிலமில்லாத குடும்பங்கள். இரண்டு மூன்று வருஷம் உழைத்து, நாலு காசு சேர்த்து, ஊர் திரும்பிக் காணி வாங்குவதுதான் கணக்கு. அந்தக் கணக்கு எப்போது மாறியது? 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வரவை நிறுத்தியதையும், பிறகு வந்த ஜப்பான்காரன் காலத்தையும் சரித்திரப் புத்தகங்கள் காரணமாகச் சொல்லும். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். வீட்டில் ஒரு பிள்ளையோ பெண்டாட்டியோ இங்கே மண்ணுக்குள் போன அன்றைக்கே அந்தக் குடும்பம் இந்த நாட்டுக் குடும்பமாகிவிட்டது. விட்டுவிட்டு எப்படிக் கப்பலேறுவது? குடியுரிமைத் தாள் பிற்பாடு வந்தது. பலருக்கு அதுவும் வரவில்லை. குழி முன்னாலேயே வந்துவிட்டது.

ஊரில் காணி இல்லாதவனுக்கு மலாயாவில் கிடைத்த முதல் நிலம் அந்த ஆறடி. அதற்கும் பட்டா இல்லை. நிலம் கம்பெனியுடையது. பெரிய துரை கையைக் காட்டி “அந்த மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றிருப்பார். தோட்டத்து வரைபடத்தில் சில இடங்களில் ஒரு சின்னச் சதுரம். பல இடங்களில் அதுவும் கிடையாது.

ஒரு இடுகாடு எப்படிக் காணாமல் போகிறது? யாரும் திட்டம் போட்டு அழிக்க வேண்டியதில்லை. மண்மேடு முதலில் மழையில் கரையும். பலகைப் பெட்டியைக் கறையான் தின்னும், உள்ளே வெற்றிடம் விழும், மேல்மண் அமிழும். சிமெண்டுத் திண்டு கட்டக் காசிருந்த குடும்பத்தின் குழி மட்டும் தெரியும். ரப்பர் மரத்துக்கு ஆயுள் 25, 30 வருஷம். அதை அழித்துச் செம்பனை வைக்கும்போது புல்டோசர் வரும். செம்பனை முக்கோணக் கணக்கில் நடப்படுவது, மரத்துக்கு மரம் ஏறத்தாழ ஒன்பது மீட்டர். ஹெக்டேருக்கு 136 முதல் 148 வரை நிற்கும். கயிறு பிடித்துக் கோடு போடுகிறவனுக்கு நேர்கோடுதான் முக்கியம். ஓட்டுகிறவர் தமிழராக இருந்த காலத்தில் மேட்டைக் கண்டால் இறங்கி நின்று கும்பிட்டு, சுற்றிக்கொண்டு போனார். இன்றைக்கு ஓட்டுகிற வங்காளதேசத்து இளைஞருக்கு அந்த மேடு எறும்புப் புற்றா, யாருடைய பாட்டியா என்று தெரிய நியாயமில்லை. 25 வருஷத்தில் செம்பனையையும் அழித்து மறுநடவு. இரண்டு மறுநடவு தாண்டிய இடுகாடு சொல்லிக் காட்டினால்தான் இடுகாடு.

இதே பேராக்கில் வேறு கல்லறைகளும் இருக்கின்றன. பத்து காஜாவில் ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ என்ற கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கர், பக்கத்துத் தோட்டத்தின் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் ஆகிய மூவரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்துதான் 12 வருஷம் நீடித்த அவசரகாலம் பிரகடனமானது. அந்த மூவரோடு தோட்டக்காரர்கள், சுரங்கக்காரர்கள், போலீஸ்காரர்கள், சிப்பாய்கள் என்று அங்கே அடக்கமானவர்களுக்கு வருஷா வருஷம் ஜூனில் மலர் வளையம் வைத்து நினைவு நாள் நடக்கிறது. தைப்பிங் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். இந்தியப் படையினரும் அவர்களில் உண்டு. 500க்கும் அதிகமானவர்கள் யார் என்றே தெரியாது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கல், சுற்றிலும் வெட்டிவிட்ட புல்.

செய்திருப்பது சரி. செத்தவனுக்கு மரியாதை அப்படித்தான் செய்ய வேண்டும். எனக்கு வருகிற கோபம் வேறு. அந்தச் சிப்பாயின் பெயர் கண்டுபிடிக்க முடியாமல் போனது. எங்கள் ஆட்களின் பெயர் ‘செக்ரோல்’ என்ற சம்பளப் புத்தகத்தில், கிராணியின் மணியான கையெழுத்தில், தினம் தினம் எழுதப்பட்ட பெயர். அந்தப் புத்தகங்களில் எத்தனை கறையானுக்கும் குப்பைக்கும் போயினவோ.

பத்து காஜாவுக்குப் பக்கத்திலேயே கெல்லி மாளிகை. ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், மெட்ராஸ் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டு வந்து கட்டத் தொடங்கியது. கட்டிக்கொண்டிருந்தபோது விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மடிந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தாருங்கள் என்று மிச்சமிருந்தவர்கள் கேட்க, அவரும் கட்டிக் கொடுத்தார். கோயில் கூரையில் சாமி சிலைகளோடு துரையின் உருவமும் நிற்கிறது. அவர் 1926இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை பாதியில் நின்றது. சீட்டு வாங்கி உள்ளே போகிறவர்களுக்கு ரகசியச் சுரங்கப்பாதையையும் பேய்க் கதையையும் சொல்கிறார்கள். காய்ச்சலில் போனவர்களை எங்கே வைத்தார்கள் என்று கேட்டால் வழிகாட்டி சிரிக்கிறார்.

தோட்டத்திலேயே செத்தவர்களுக்காவது தோட்டத்துக்குள் குழி கிடைத்தது. சயாமுக்குப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. 1942க்கும் 1943க்கும் நடுவில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து முக்கால் லட்சம் பேருக்கு மேல் கொண்டு போனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள், பேராக் தோட்டங்களிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. காலராவில் விழுந்தவர்களைக் குவித்து எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள், ஆற்றில் விட்டார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு 6,982 கல்லறைகள், பெயர் பெயராக. நம்மவர்கள் எங்கே என்று அந்த ஊர் மண்தான் 1990இல் காட்டியது; ஒரு வயலில் தோண்டியபோது எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. மலேசியத் தமிழர்கள் சிலரின் விடாமுயற்சியால் 2023இல் அங்கே ஒரு புத்த விகாரையில் நடுகல் நட்டார்கள். எண்பது வருஷம் கழித்து ஒரு கல். அது சங்க காலத்துச் சொல்லில் நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது: உடல் கிடைக்காதவனுக்கும் கல் நடலாம்.

வெள்ளைக்காரக் கம்பெனிகள் 1950களில் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளியே தோட்டத்தை வாங்கட்டும் என்று, சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். அந்த யோசனையின் அருமை இன்றுதான் புரிகிறது. பட்டா கையில் இருந்தால் பள்ளிக்கூடமும் கோயிலும் இடுகாடும் யாருடைய தயவிலும் இருக்காது. சங்கம் வாங்கிய தோட்டங்கள் சில. கைவிட்டுப் போனவை அதைவிட எத்தனையோ.

பிறகு செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. தோட்டம் மூடும்போது பேச்சுவார்த்தை நடக்கும். வேலை செய்த வருஷத்துக்கு இழப்பீடு எவ்வளவு, மலிவு வீடு எங்கே, கோயிலுக்கு மாற்று நிலம் எத்தனை சதுர அடி, தமிழ்ப் பள்ளியை எந்த தாமானுக்கு மாற்றுவது என்று பட்டியல் போட்டுப் பேசுவார்கள். கோயிலுக்குப் போராட ஆளுண்டு, பள்ளிக்கு இன்னும் அதிகம். இடுகாடு அந்தப் பட்டியலில் ஏறியதே அபூர்வம். ஏறிய இடங்களிலும் எலும்பு தேடினால் கிடைப்பது ஒரு பிடி கருத்த மண். அதைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போய்ப் புது மயானத்தில் இறக்கியிருக்கிறார்கள். போதும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்த ஒரு பிடிக்காவது ஆள் இருந்தார்களே.

பக்கத்திலேயே சீனரைப் பாருங்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அவர்களின் கல்லறைகள். அவற்றை நடத்துவது சங்கங்கள். கல்லில் பெயர் மட்டுமில்லாமல், சீனாவில் எந்த மாவட்டம் என்பதும் செதுக்கியிருக்கும். ஏப்ரலில் செங் பெங் வந்தால் குடும்பமே கத்தியும் துடைப்பமுமாய்ப் போய் நிற்கும். நாமும் தீபாவளிக்கு முன்னால் இடுகாட்டுக்குப் போய்ப் புல் வெட்டிப் படையல் வைத்து வருகிறவர்கள்தான். நவம்பர் 2ஆம் தேதி நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் மெழுகுவர்த்தியோடு போகின்றன. பழக்கத்தில் குறையில்லை, பதிவில்தான் குறை. ஒரு தோட்டத்துக் கல்லறையில் ‘தோற்றம், மறைவு’ இருந்தாலே பெரிது. எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று எழுதி நான் பார்த்தது ஒன்றோ இரண்டோ.

இப்போது ஈப்போவில் பெரும்பாலும் எரியூட்டல்தான். புந்தோங் மயானத்துக்குக் கொண்டு போனால் மறுநாள் அஸ்தி, ஆற்றிலோ கடலிலோ கரைத்தால் முடிந்தது. பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலையில். யார் வந்து புல் வெட்டுவது? இடம் கிடைப்பதும் கஷ்டம். குறை சொல்ல எனக்கு வாயில்லை, என் முறை வரும்போது நானும் அடுப்புக்குத்தான் போவேன். ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடக்கிறது. புதிதாய் யாரையும் கொண்டு வராத தோட்டத்து இடுகாட்டுக்குப் பாதை தூர்ந்து போகிறது. மனிதர் நடக்காத பாதையில் லாலாங் ஏறுகிறது. கடைசியாய் அடக்கம் செய்தவரின் பிள்ளைகளுக்கே இப்போது அறுபது வயது.

சட்டத்தில் வழி இருக்கிறது. மலேசியாவில் நிலம் மாநில அரசின் பொறுப்பு. தேசிய நிலச் சட்டம் 1965இல் வந்தது. பொதுத் தேவைக்கு நிலத்தை ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க மாநிலத்துக்கு அது அதிகாரம் தருகிறது. ஆனால் இது அரசு நிலத்துக்கு. தோட்டம் கம்பெனி பேரில் இருப்பதால், அந்த ஒரு ஏக்கரைக் கம்பெனி முதலில் அரசிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் நில எடுப்புச் சட்டப்படி அரசு எடுக்க வேண்டும். இரண்டுக்குமே, “இங்கே இத்தனை பேர் அடக்கமாகியிருக்கிறார்கள், இன்னார் இன்னார்” என்று யாராவது மனு எழுதிக் கொண்டு போக வேண்டும். பெயர் இல்லாத மனுவுக்கு நில அலுவலகத்தில் மதிப்பில்லை. “பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது” என்பது வேறு, “இந்த நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள்” என்பது வேறு. நிலம் கைமாறிய பிறகு, மேம்பாட்டாளரின் பெயர்ப்பலகை ஏறிய பிறகு எழுதுகிற மனு கெஞ்சல் மனுவாகிவிடும். எழுத வேண்டியது செம்பனை இன்னும் நிற்கும்போதே.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது பேராக்கில் ஒரு தோட்டம் இருக்கும். பெயர் சொன்னாலே கண் மினுங்குகிற பெரியம்மாவோ மாமாவோ வீட்டில் இருப்பார்கள். வருகிற தீபாவளிக்கு முன்னால், கால் நடக்கக்கூடியவராக இருந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். கத்தியோடு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மேடு யார், எந்த ஊர், என்ன வேலை, எப்படிப் போனார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். என் தாத்தாவின் தோட்டத்தில் அப்படிச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தது அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு.